வரதாச்சாரி சார் மாட்டிய பஸ்பார்

பஸ்பாரைத் தாங்குகிற சப்போர்ட் இப்போது அட்டைப் பெட்டியில் வருகிறது. அச்சில் வார்த்த சிவப்புக் கட்டை. பள்ளமும் துளையும் அதிலேயே இருக்கின்றன. பேனலில் வைத்து போல்ட்டை முறுக்கிச் செம்புப் பட்டையைச் செருகினால் வேலை முடிந்தது. நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து இப்போதைய எஞ்சினியர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து அதைக் காட்டினார்கள். "உங்க காலத்துல இதை எப்படிப் பண்ணுனீங்க சார், ஆண்டு மலருக்குக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது. முட்டியில் வலி, கண்ணில் புரை. "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். எழுத மாட்டேன். அந்தக் காலத்தில் விரல் போனவர்களை எனக்குத் தெரியும்.

பஸ்பார் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேனல் என்பது ஆள் உயர இரும்பு அலமாரி. அதற்குள் மூன்று செம்புப் பட்டைகள் குறுக்கே ஓடும். வருகிற கரெண்டு அத்தனையும் அந்தப் பட்டைகளில் ஏறி, அங்கிருந்துதான் மோட்டாருக்கும் விளக்குக்கும் பிரியும். கல்யாணமான புதிதில் என் மனைவி, "பஸ்ஸுல புடிச்சிக்கிட்டு நிப்போமே, அந்தக் கம்பி செய்யிற வேலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். "புடிச்சுப் பாரு, நேரா கல்லறை ஸ்டாப்புதான்" என்றேன். அந்தப் பட்டைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது, அலமாரியின் இரும்பையும் தொடக் கூடாது. அதற்காக இடையிடையே வைத்துப் பிடிக்கிற கட்டைக்குப் பெயர்தான் சப்போர்ட். என் ஆயுளில் பாதி அந்தக் கட்டைகளோடு போயிற்று.

நான் பாலக்கரைக்காரன். மாதா கோயில் தெருவில் பிறந்து, படிப்பு ஏறாமல், ஐம்பதுகளில் இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். முதலில் அரம் போட்டேன். பிறகும் அரம்தான் போட்டேன். அதற்குமேல் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு வேலை தெரிந்தது வரதாச்சாரி சார் கையில் விழுந்த பிறகுதான்.

அவர் எங்கள் ஃபோர்மேன். ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரிப் பாலம் வழியாகச் சைக்கிளில் வருவார். நெற்றியில் திருமண், மேலே காக்கிச் சட்டை. எங்கள் டீயைத் தொட மாட்டார். கூஜாவில் தீர்த்தம் கொண்டு வருவார். அவ்வளவு ஆசாரம் பார்ப்பவர் கிரீஸ் கையோடு நான் நீட்டுகிற ஸ்பேனரை யோசிக்காமல் வாங்கிக்கொள்வார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் பட்டையை இரண்டு விரலால் தட்டிப் பார்த்து, "சரி, கழட்டு" என்பார். அவ்வளவுதான். அந்த "சரி, கழட்டு"வுக்குப் பயந்து பட்டறையில் ஆட்கள் வேலையை விட்டே ஓடியிருக்கிறார்கள்.

அப்போது பீங்கான் சப்போர்ட் கிடைப்பது குதிரைக் கொம்பு. கேட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் நாங்கள் தேக்கில் செய்தோம். நன்றாகக் காய்ந்த பழைய தேக்கு, முடிச்சு இல்லாமல், நார் ஓட்டத்தோடு அறுத்தது. மேல் பாதி, கீழ்ப் பாதி என இரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று பட்டைக்கு மூன்று பள்ளம். அதை எண்ணெயில் போட்டு, மரத்திலிருந்து குமிழி வருவது நிற்கிற வரை காய்ச்ச வேண்டும். அப்பளம் பொரிப்பது போல அவசரப்பட்டால் மரம் வெடிக்கும். பிறகு நிழலில் வடிய விட்டு, வார்னிஷ் பூசி, காய வைத்து, மறுபடியும் பூசி, மறுபடியும் காய வைப்போம். வரதாச்சாரி சார் ஒவ்வொரு கட்டையையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சி தெரிந்தால் ஈரம் இருக்கிறதென்று அர்த்தம். திரும்பவும் நிழலுக்குப் போகும்.

கட்டைகளை எவ்வளவு இடைவெளியில் வைப்பது என்பதை அவர் எனக்குப் புத்தகத்தைக் காட்டிச் சொல்லவில்லை.

"பெருமாள் புறப்பாடு பார்த்திருக்கியோ சவரிமுத்து? நீ எங்கே பார்த்திருக்கப் போறே. உங்க கோவில்ல சப்பரம் தூக்குவாளே, அது தெரியுமோன்னோ?"

"தோளே குடுத்திருக்கேன் சார்."

"அப்போ நீயே சொல்லு. தூக்கறவா தள்ளித் தள்ளி நின்னா என்ன ஆகும்?"

"தண்டு வளையும் சார்."

"நேரா நடக்கற வரைக்கும் வளைஞ்சுண்டே போயிடலாம். ஒருத்தன் கால் இடறினா?"

"மொத்தமும் சாயும்."

"அந்த இடறல்தான் ஷார்ட் சர்க்யூட். சப்போர்ட் வைக்கறது நடக்கறதுக்கு இல்லை, இடறினா தாங்கறதுக்கு."

துறையூரில் ஒரு அரிசி ஆலையில் அதை நேரிலேயே பார்த்தேன். வேறு யாரோ மாட்டிய பேனல். சப்போர்ட்டுகளை மிச்சம் பிடித்துத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு எலி புகுந்து இரண்டு பட்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. போய்த் திறந்தால், என் கட்டை விரல் கனமுள்ள செம்பு வில்லாக வளைந்து கிடந்தது. ஒரு நொடியில் பட்டைகள் ஒன்றையொன்று உதைத்துத் தள்ளியிருக்கின்றன. எலி இருந்த இடத்தில் கரி. "பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார் சார்.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். சூடு ஏறினால் செம்பு நீளும். எல்லாக் கட்டையிலும் இறுக்கிப் பிடித்தால், நீள வழியில்லாமல் கட்டையைப் பிளக்கும். அதனால் ஒரு கட்டையில் மட்டும் இறுக்கமாகப் பிடிப்போம். மற்றவற்றில் பட்டை மயிரிழை நகர்கிற மாதிரி விடுவோம். அது அப்போது எனக்குச் சின்ன விஷயமாகத்தான் பட்டது.

இனி முசிறிக் கதை. இதை இத்தனை நாள் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லக் கூடாதென்று காரணம் இருந்தது. வரதாச்சாரி சாரும் போய்விட்டார், கலியபெருமாளும் போய்விட்டான். இனி சொன்னால் யாருக்கும் வேலை போகாது.

அறுபதுகளின் தொடக்கம். முசிறிப் பக்கம் வாழையும் நெல்லும் போடுகிற விவசாயிகள் ஒரு கமிட்டி வைத்து, காவேரிக் கரையில் பம்பு ஹவுஸ் கட்டினார்கள். பேனல் எங்கள் பட்டறையுடையது. பீங்கான் வரவில்லை, தண்ணீர் விடுகிற பருவம் நெருங்கிவிட்டது. வழக்கம் போலத் தேக்கு. வரதாச்சாரி சாரும் நானும் போய்த் தங்கி மாட்டினோம். அத்தனை சுத்தமான வேலையை நான் அதற்குமுன் செய்ததில்லை.

அங்கே மோட்டார் ஓட்டுகிற ஆபரேட்டர்தான் கலியபெருமாள். பம்பு ஹவுஸ் நிற்கிற நிலம் அவன் குடும்பத்து நிலம். இருந்ததே அந்தத் துண்டுதான். அதைக் கமிட்டிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்த வேலையை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வருஷா வருஷம் கமிட்டி கூடிச் சரியென்று சொன்னால்தான் வேலை தொடரும். கமிட்டித் தலைவரின் மைத்துனன் ஒருவன் அந்த வேலைக்கு எச்சில் ஊறக் காத்திருந்தான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கலியபெருமாளுக்கும் தெரியும். அதனால் பேனலைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான். "சவரிண்ணே, இந்தக் கதவை மெதுவா சாத்துங்கண்ணே" என்று எனக்கே சொல்லிக் கொடுப்பான்.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். வாசலில் வாழை மரம், மேளம் எல்லாம் உண்டு. பேனல் கதவைத் திறந்து காட்டினார்கள். நானே அசந்து போனேன். நாங்கள் மாட்டியபோது மங்கலாக இருந்த பட்டைகள் தீபாவளிக்கு விளக்கிய செப்புக் குடம் போலத் தகதகத்தன. முந்தின நாள் தலைவர் வந்து பார்த்து, கலியபெருமாளிடம், "என்னய்யா கருத்துக் கெடக்கு, நாளைக்குக் குத்துவிளக்கு மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சாரும் நானும் அப்போது திருச்சிக்குத் துணி மாற்றப் போயிருந்தோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் முசிறியிலிருந்து ஆள் வந்தான். பேனல் வெடித்துவிட்டது, கலியபெருமாளுக்குக் கை இரண்டும் வெந்துவிட்டன, திருச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றான். வரதாச்சாரி சார் கூஜாவைக்கூட எடுக்காமல் முசிறி பஸ் ஏறிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பேனலுக்குள் புகைக் கரி. சார் முதலில் பட்டைகளைப் பார்த்தார். கொஞ்சம் அசைந்திருந்தன, வளையவில்லை. கட்டைகளின் இடைவெளி தாங்கியிருக்கிறது. பிறகு ஒரு கட்டையைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு மரத்தின் மேல் கறுப்பாக ஒரு கோடு, வேர் ஓடுகிற மாதிரி, கிளை விட்டு ஓடியிருந்தது. கரெண்டு செம்பை விட்டு மரத்தின் மேல் நடந்த தடம் அது. பட்டை நகர்ந்து நகர்ந்து பள்ளத்துக்குள் வார்னிஷ் தேய்ந்திருந்தது. அங்கே பச்சையாகக் களிம்பு கட்டியிருந்தது. பேனாக்கத்தியால் அதைச் சுரண்டினார். முகர்ந்தார். அப்புறம் அந்த ஆசாரக்காரர் செய்ததைப் பார்த்து என் கண்ணையே நம்ப முடியவில்லை: கத்தி முனையை நாக்கில் வைத்தார்.

"புளி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உப்பு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நம் வீட்டில் செம்பை எதால் விளக்குவார்கள்? புளியும் உப்பும். கலியபெருமாள் பட்டைகளைக் கழற்றாமல் அப்படியே தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்திருக்கிறான். மேலே காய்ந்துவிட்டது. பள்ளத்துக்குள் போன புளித்தண்ணீர் மரத்துக்குள் இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசியுமே, அந்தக் கதைதான். ஆற்றங்கரை ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். கலியபெருமாளின் இரண்டு கையிலும் மூட்டை மாதிரிக் கட்டு. முகம் ஒரு பக்கம் உரிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உள்ள தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி சொய்யுன்னு சத்தம் வந்துச்சுங்க. என்னமோன்னு கதவைத் தொறந்தேன். அம்புட்டுதான் தெரியும்."

"பட்டையெல்லாம் பளபளன்னு வெச்சிருந்தியே, யாரு தேய்ச்சா?" என்று கேட்டார் சார், சாதாரணமாக.

"நான்தாங்க! கரெண்டை நிறுத்திட்டுத்தாங்க தேய்ச்சேன். எங்க அம்மா கொடம் வெளக்குற மாதிரி, புளி போட்டு." அந்த வலியிலும் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். "நல்லா இருந்துச்சு இல்லீங்க?"

"நன்னா இருந்துது," என்றார் சார். அவன் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "தப்பிச்சோம் சார். நம்ம வேலையில கோளாறு இல்ல. கமிட்டி கேட்டா புட்டுப் புட்டு வெச்சிடலாம்."

"வெச்சா?"

"வெச்சா என்ன சார்? உண்மை அதுதானே."

"அவனா பண்ணிண்டதுன்னு தெரிஞ்சா வேலையில வெச்சுப்பாளோ? அந்த மைத்துனன் நாளைக்கே வந்து உக்காந்துடுவான். நிலம் போச்சு, கை போச்சு. பட்டறை மேல தப்புன்னா வைத்தியமும் பார்ப்பா, கை ஆறினதும் வேலையும் குடுப்பா."

"அதுக்கு நீங்க பழி சொமப்பீங்களா? உங்க பேரு என்ன ஆவுறது?"

சார் என்னைப் பார்த்தார். "மரத்தை வெச்சது நான். பீங்கானா இருந்தா புளி என்ன, எதைக் கொட்டினாலும் உள்ளே இறங்காது. மாட்டிட்டு, சாவியை அவன் கையில குடுத்துட்டு, 'உள்ளே தண்ணி படக் கூடாதுப்பா'ன்னு ஒரு வார்த்தை நான் சொன்னேனா? இதுவும் உண்மைதான் சவரிமுத்து. நீ வாயைத் திறக்காதே."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷனுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை? அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கிறாள். ஆனால் அவரிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

கொஞ்ச நாளில் முசிறியில் கமிட்டி கூடியது. எங்கள் முதலாளியும் வந்திருந்தார். தலைவர் சுற்றி வளைக்கவில்லை. "பட்டறை வேலை சரியில்லையா, இல்ல நம்மாளு ஏதாச்சும் நோண்டினானா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார். முதலாளி நம்பிக்கையோடு வரதாச்சாரி சாரைத் திரும்பிப் பார்த்தார்.

சார் எழுந்து நின்றார். "ஆள் பேர்ல தப்பு இல்லை. பட்டையைத் தாங்கற மரம் ஈரத்தை இழுத்துடுத்து. ஆத்தங்கரைக்கு மரம் ஆகாது, பீங்கானுக்குக் காத்திருந்திருக்கணும். அவசரப்பட்டது நான்" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் முதலாளி அவரிடம், "பட்டறை பேரை ஒரே வார்த்தையில ஆத்துல விட்டுட்டீங்களே சார். இனிமே எவன் நம்மகிட்ட பேனல் வாங்குவான்? நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்றார். சார், "சரி" என்றார். அந்த "சரி"க்குப் பிறகு கழட்டுவதற்கு ஒன்றுமில்லை. திருச்சி வரை எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம்.

அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். ஃபோர்மேன் ஆகிவிட்டேன் என்று என் மனைவி புனித அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. வரதாச்சாரி சாரை அதற்குப் பிறகு எந்தப் பட்டறையும் எடுக்கவில்லை. முசிறியில் ஆளைச் சுட்டவர் என்று பெயர் பரவிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கடையில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலையில் உட்கார்ந்தார். பெரிய பெரிய பேனலுக்குப் பட்டை ஓட்டிய கை, குனிந்து உட்கார்ந்து நூல் மாதிரிக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும். பார்க்கவே எனக்கு அலுத்துப் போகும். ஆனாலும் போவேன்.

முசிறியில் பீங்கான் வைத்துப் பேனலைப் புதிதாக மாட்டிக் கொடுத்தோம். கலியபெருமாள் வேலைக்குத் திரும்பினான். விரல்கள் முழுதாக மடங்காது. மணிக்கட்டால்தான் கைப்பிடியைத் தள்ளுவான். மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் நான் போய் போல்ட்டுகளை முறுக்கிப் பார்ப்பேன். போகிற போதெல்லாம் எனக்குக் கிடைத்தது வரதாச்சாரி சாருக்கு அர்ச்சனை.

"அந்த ஐயரு வெளங்குவாரா? கட்டைய வெச்சு என்னையே கட்டையில ஏத்தப் பாத்தாரே, பாவி!"

"அவர் ஐயர் இல்லடா, ஐயங்கார்" என்பேன். அதற்குமேல் சொல்ல முடியாமல் நாக்கைக் கடித்துக்கொள்வேன். டீக்கடையில் திட்டுவான், வரப்பில் நின்று திட்டுவான், நாலு பேர் கூடினால் கையைத் தூக்கிக் காட்டித் திட்டுவான். நன்றி கெட்ட பயல் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்ரீரங்கத்துக்குப் போனால் சார் கம்பி சுற்றுவதை நிறுத்தாமலே கேட்பார். "முசிறி போனியோ? விரல் மடங்கறதா அவனுக்கு?"

"கொஞ்சம் மடங்குது சார்."

"என்னைத் திட்டறானோ?"

"ஊரே கேக்குற மாதிரி திட்டுறான் சார்."

"நன்னாத் திட்டட்டும்," என்பார். எனக்கு அதற்கும் கோபம் வரும். மகான் மாதிரி பேசிவிட்டால் ஆயிற்றா என்று நினைத்துக்கொள்வேன். அவருடைய பெண்ணின் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அறுபதுகள் முடிகிற சமயம். வழக்கம் போல முசிறிக்குப் போனேன். பேனல் கதவைத் திறந்தேன். பட்டைகள் கறுத்து, பழைய காலணா நிறத்தில் இருந்தன. ஒரு துணிகூடப் பட்டதாகத் தெரியவில்லை. கலியபெருமாள் வழக்கம் போல ஆரம்பித்தான், அந்த ஐயரு குடும்பம் அப்படிப் போக, இப்படிப் போக என்று. குடும்பம் என்றதும் எனக்குத் தாங்கவில்லை. ஸ்பேனரைத் தரையில் போட்டேன்.

"நிறுத்துடா! உன் கையைச் சுட்டது அவர் வெச்ச மரம் இல்ல, நீ போட்ட புளி! தெரியுமாடா உனக்கு? உன் சோத்துல மண்ணு விழக் கூடாதுன்னு அந்த மனுஷன் தன் சோத்துல போட்டுக்கிட்டாருடா!"

அவன் திடுக்கிடவில்லை. முதலில் வாசல் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை.

"தெரியும்ண்ணே," என்றான்.

"என்ன தெரியும்?"

"புளிதான்னு தெரியும். ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாரு. கமிட்டி கூடுறதுக்கு முந்தி ஒருநா தனியா வந்தாரு. கட்டில் ஓரமா ஒக்காந்து, 'நீ தேய்ச்ச புளிதான்ப்பா காரணம். உன்னைக் கோச்சுக்க வரலை. தெரியாம விட்டா மறுபடியும் தேய்ப்பே, அடுத்த தடவை உசுரு போயிடும், அதுக்காகச் சொல்றேன்'னாரு. நான் அழுதுட்டேன். கையெடுத்துக் கும்பிடக்கூட முடியலண்ணே, ரெண்டு கையிலயும் கட்டு."

"பின்ன ஏன்டா இத்தனை வருஷமா அவரை..."

"அவருதாண்ணே திட்டச் சொன்னாரு. 'நான் பழியை ஏத்துக்கறேன். நீ என்னைத் திட்டலேன்னா அவாளுக்குச் சந்தேகம் வரும், ஊர் நடுவுல நின்னு திட்டு, நிறுத்தாதே'ன்னாரு. நானும் திட்டுறேன். திட்டிட்டு வீட்டுக்குப் போனா சோறு எறங்க மாட்டேங்குது. என் பொண்டாட்டிகூட அவரைக் கெட்டவருன்னுதான் நெனைச்சிக்கிட்டிருக்கா."

"எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சவரிகிட்ட மட்டும் சொல்லாதே, அவன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்னாருண்ணே."

நான் மோட்டார் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. இந்தப் பயலை வருஷக்கணக்கில் மனசுக்குள் வைதிருக்கிறேன். அவரோ என்னிடம் ஒவ்வொரு தடவையும் கேட்டு, திட்டுகிற வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று சரி பார்த்திருக்கிறார். அழுகையும் வந்தது, அசதியும் வந்தது. அசதிதான் ஜெயித்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். பின்னாலேயே மைத்துனன்.

"என்ன கலியபெருமாள், கமிட்டி கூடப் போவுது. இந்தக் கையை வெச்சிக்கிட்டு இன்னும் எத்தனை நாளு? இவன் ஒண்ணு சொல்றான். தெறப்பு விழாவுக்கு முந்தின நாளு நீ உள்ள தண்ணி ஊத்திக் கழுவினதைப் பாத்தானாமே? அதுனாலதான் வெடிச்சிருக்கும்ங்கிறான்."

கலியபெருமாள் ஓரடி பின்னால் நகர்ந்தான். "இல்லீங்க... அந்த ஐயரு..." என்று ஆரம்பித்தான். வழக்கமாக மடமடவென்று வருகிற திட்டு அன்றைக்கு வரவில்லை. என்னைப் பார்த்தான். மடங்காத அந்த விரல்கள் வேட்டியைப் பிடிக்கப் பார்த்து, பிடிக்க முடியாமல் நழுவின.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க ஃபோர்மேன். நீங்கதான் அவர்கிட்ட தொழில் கத்துக்கிட்டவரு, கூட நின்னு மாட்டினவரு. நீங்க சொன்னா நான் ஒத்துக்கிறேன். யாரு தப்பு அது?"

நான் எழுந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன். முகத்தைப் பேனல் பக்கம் திருப்பி, போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி முறுக்கிக்கொண்டே சொன்னேன்.

"ஆளு மேல தப்பு இல்லீங்க. அந்த வரதாச்சாரிக்கு பஸ்பார் மாட்டத் தெரியாதுங்க."